துரப்பணம் முதல் ட்ரில்லிங் மெஷின் வரை: நம் கைக்கு வந்த கருவியின் கதை



மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். கடன் வசூல், இட்லிக்கடை, ஆடு வளர்ப்பு எல்லாம் போய்விட்டது. "நீ அந்த மெஷின் கதையை எழுதிடு. உன்னைவிட்டா வேற யாரு எழுதுவா?" என்று தலைவி அக்கா என் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதையில் தப்பு செய்தவளும் நான்தான்.

நம் அலுவலக பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பெட்டி எல்லோருக்கும் தெரியும். நாளுக்கு 50 ரூபாய் வாடகை, நோட்டில் கையெழுத்து, திரும்பக் கொண்டுவரும்போது பிட் எண்ணிக்கை சரிபார்ப்பு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இது முதல் நாளிலிருந்தே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு முன்னால் ஒரு மெஷின் இருந்தது. அது பூக்கார அக்காவின் கையை உடைத்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய காலத்திலிருந்து வருகிறேன். சுவரில் ஒரு ஓட்டை போடுவது என்ற சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை.

என் அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளில் பழுது பார்க்கும் வேலைக்குப் போகும்போது லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவார். அந்த வீட்டுச் சுவர்கள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். ஒரு முழத்துக்கு மேல் கனம். அதில் ஒரு சாமி படம் மாட்ட வேண்டுமென்றால் கொத்தனாரோ ஆசாரியோ வர வேண்டும். உளியால் சதுரமாகக் குடைந்து, அதற்குள் ஒரு மரக்கட்டையை இறுக்கி அடித்து, அந்தக் கட்டையில்தான் ஆணி அடிப்பார்கள். மரத்தில் ஓட்டை போட ஆசாரியிடம் துரப்பணம் இருக்கும். ஒரு தண்டு, அதன் முனையில் இரும்பு, தண்டைச் சுற்றிக் கயிறு. கயிற்றை இப்படியும் அப்படியும் இழுக்க இழுக்க தண்டு சுற்றும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். தொடவிட மாட்டார்கள்.

சுவரில் மரக்கட்டை வைக்கும் வேலையை மாற்றியவர் லண்டனில் இருந்த ராலிங்ஸ் என்பவர். 1911 வாக்கில், பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சார சாமான்கள் மாட்டும் வேலை அவருக்கு வந்தது. சுவரைப் பெரிதாக உடைக்கக் கூடாது. சின்ன ஓட்டை போட்டு அதற்குள் நாரால் செய்த ஒரு குழலைச் செருகி, அதற்குள் ஸ்குரூவை முறுக்கினார். ஸ்குரூ உள்ளே போகப் போக குழல் விரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டது. நாம் கடையில் "ராவல் பிளக் குடுங்க" என்று கேட்கிறோமே, அது அவர் பெயர்தான். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்சாரத்தில் ஓடும் துளைக் கருவி அதற்கும் முந்தியது. 1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்னாட், பிரெய்ன் என்ற இருவர் செய்தார்கள். அது நின்ற இடத்தில் நின்று வேலை செய்வது. 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் கம்பெனி கையில் தூக்கிக்கொண்டு போகும் மெஷினைச் செய்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கனம். இன்று நாம் பார்க்கும் துப்பாக்கி மாதிரி வடிவம், விரலால் அழுத்தினால் ஓடி, விட்டால் நிற்கும் சுவிட்ச், இவை அமெரிக்காவின் பால்டிமோரில் பிளாக், டெக்கர் என்ற இரு கூட்டாளிகள் செய்தது. 1917-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். கைத்துப்பாக்கியைப் பார்த்துத்தான் பிடியை வடிவமைத்தார்களாம். "விட்டால் நின்றுவிடும்" என்பது சாதாரண விஷயம் இல்லை. கை நழுவினாலும் ஷாக் அடித்து விட்டுவிட்டாலும் மெஷின் தானாக நின்றுவிடும் அல்லவா?

அதுவரைக்கும் இது தொழிற்சாலைச் சாமான். வீட்டுக்கு வந்த கதையில் பெண்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போக, விமானம் கட்டும் ஆலைகளுக்குப் பெண்கள் லட்சக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். ட்ரில்லும் ரிவிட் அடிக்கும் மெஷினும் பிடித்தார்கள். தொழிலாளிகள் ஆலை ட்ரில்லை வீட்டு வேலைக்கு எடுத்துப்போவதைக் கவனித்துத்தான் கம்பெனிக்கு வீட்டு ட்ரில் யோசனையே வந்தது என்று சொல்வார்கள். 1946-இல் வீட்டுக்கென்று சின்ன ட்ரில் வந்தது. போர் முடிந்ததும் அந்தப் பெண்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்ம திருச்சிக்கு வருவோம். மெஷினுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே ஒர்க்ஷாப் 1928-இல் பொன்மலைக்கு வந்தது. 1960-களில் திருவெறும்பூர் பக்கம் பெல் தொழிற்சாலை வந்தது, பாய்லர் செய்ய. துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல். துவாக்குடி வரைக்கும் பட்டறைகள் பெருகின. ட்ரில், கட்டிங், வெல்டிங் தெரியாத ஆண் பிள்ளை இல்லாத தெரு இந்த ஊரில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். ஆனால் அந்த மெஷினெல்லாம் பெண்கள் கைக்கு எட்டவில்லை. என் மாமா ஒருவர் பொன்மலையில் வேலை பார்த்தார். அவருடைய சாக்குப்பை நிறைய சாமான். நானும் என் தங்கையும் ஒருநாள் பையைத் திறந்து ஸ்பானரை எடுத்ததற்கு, "பொம்பளப்பிள்ளை தொட்டா முனை மழுங்கிரும்" என்றார். எந்த முனை என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை. ஸ்பானருக்கு ஏது முனை?

ஒரு தொழிலில் மட்டும் பெண்கள் சுற்றும் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். திருச்சியின் செயற்கை வைரத் தொழில். வீட்டிலேயே பட்டறை போட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து கல்லுக்குப் பட்டை தீட்டினார்கள். நம்மில் பலருடைய அத்தைகளும் பெரியம்மாக்களும் அதில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான். வெளிநாட்டிலிருந்து மெஷினில் தீட்டிய கல் மலிவாக வந்ததும் அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின.

ஆனால் பெண்களுக்கு மோட்டார் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. நம்ம சமையலறைக்குப் போய்ப் பாருங்கள்.

1932-இல் பைக்காராவில் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள், 1937-இல் மேட்டூரில். அதே 1937-இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நம் நாட்டிலேயே செய்த மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். கிணற்றுக்கு மோட்டார், மில்லுக்கு மோட்டார் என்று அந்த ஊர் வளர்ந்தது. 1955-இல் அதே ஊரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லோடு மோட்டாரைச் சேர்த்து வெட் கிரைண்டர் செய்தார். முதலில் ஓட்டல்களுக்குப் போய், பிறகு வீடுகளுக்கு வந்தது. மிக்ஸியின் கதை இன்னும் சுவாரஸ்யம். மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியரின் மனைவி மாதுரி, வெளிநாட்டு மிக்ஸி ஒன்றை வைத்திருந்தார். நம்ம ஊர் மசாலாவை அரைத்து அரைத்து அதன் மோட்டார் எரிந்துபோனது. பழம் அடிக்கச் செய்த மெஷினில் மிளகாயும் மஞ்சளும் போட்டால் என்ன ஆகும்? "இதைத் தாங்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று கணவரிடம் கேட்டார். அப்படித்தான் 1963-இல் சுமீத் மிக்ஸி வந்தது.

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். மிக்ஸிக்குள் இருக்கும் மோட்டாரும் கரண்டில் ஓடும் சாதாரண ட்ரில்லிங் மெஷினுக்குள் இருக்கும் மோட்டாரும் ஒரே ஜாதி. இரண்டிலும் ஆர்மேச்சர் சுற்றுகிறது, இரண்டிலும் இரண்டு பக்கம் கார்பன் உரசிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் இரண்டும் கத்துகின்றன, இரண்டும் வேகமாக ஓடுகின்றன, இரண்டையும் விடாமல் ஓட்டினால் சூடாகிக் கருகல் வாடை வருகிறது. மிக்ஸியை எவ்வளவு நேரம் ஓட்டலாம், எப்போது நிறுத்தி ஆற விட வேண்டும், ஜாரில் எவ்வளவு போட்டால் திணறும், இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கிரைண்டர் மோட்டார் வேறு ஜாதி, அது தண்ணி மோட்டார் மாதிரி நிதானமாக அரை மணி நேரம் ஓடும். 2011-இல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்த பிறகு மோட்டார் சத்தத்தைக் கேட்டே ஆயுசு சொல்லும் பெண்கள் நம் தெருவில் எத்தனை பேர்!

இதெல்லாம் எனக்கு 2013-இல் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழு வரலாறு உங்களுக்கு வேறு கட்டுரையில் வரும், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989-இல் தருமபுரியில் ஆரம்பித்த சுய உதவிக் குழுக்கள், 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்க வந்தன. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1991 வாக்கில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே கலெக்டர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் பார் இருந்ததில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே பிடித்தும் போனது. திருச்சி மாநகரில் 2000 வாக்கில் மகளிர் குழுக்கள் பொதுக் கழிப்பறைகளை ஏற்று நடத்த ஆரம்பித்தன. தண்ணி மோட்டார் ஓடாவிட்டால், குழாய் ஒழுகினால், தாழ்ப்பாள் கழன்றால் ஆளைத் தேடி அலைய வேண்டியவர்கள் பெண்கள்தான்.

நம் கூட்டமைப்பிலும் அதே பாடுதான். ஒரு துணி காயப்போடும் கம்பி மாட்ட, ஒரு கொசுவலை ஃபிரேம் அடிக்க, தையல் குழுவுக்கு ஒரு ஷெல்ஃப் மாட்ட, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் இரண்டு ஓட்டைக்கு 200 ரூபாய். அதுவும் இன்றைக்கு வரேன், நாளைக்கு வரேன். "நாமளே ஒரு மெஷின் வாங்கிப் போட்டா என்ன?" என்று கூட்டத்தில் கேட்டது நான். தீர்மான நோட்டில் எழுதி, அபராதப் பணத்திலிருந்து எடுத்து, என்னை வாங்கிவரச் சொன்னார்கள்.

ஒரு கடையில் 1,150 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 1200 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கையில் தூக்கினால் லேசாக இருந்தது. பெண்களுக்கு ஏற்ற மாதிரி லேசாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? உடம்பின் முன்பாதி இரும்பு, பிளக்கில் இரண்டே முள். பில் கேட்டதற்கு, "பில் போட்டா வரி சேரும்மா, எதுக்கு உங்களுக்கு வீண் செலவு" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

மூன்று வாரம் ஓடியது. பூக்கார அக்கா வீட்டில் பூ மாலைகளைத் தொங்கவிட ஒரு கம்பி மாட்ட வேண்டும் என்று எடுத்துப் போனார்கள். தரை கழுவி ஈரமாக இருந்தது. ஸ்டூலில் ஏறி மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே கருகிய ஒயர் இரும்பு உடம்பைத் தொட்டிருக்கிறது. ஷாக் அடித்து, ஸ்டூலிலிருந்து கீழே விழுந்து, வலது மணிக்கட்டு எலும்பு விரிசல். பூ கட்டுகிறவருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. வைகாசி முகூர்த்த சீசன் முழுக்கப் போனது. அந்த இரண்டு தவணை குழுக் கடனை மற்ற உறுப்பினர்கள் பகிர்ந்து கட்டினோம்.

கடைக்குப் போனேன். பில் இல்லை, என்ன கேட்பது? "நீங்க ஓட்டின லட்சணம் அப்படி" என்றார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் என்னை வைத்துக் கேட்டார்கள். தப்பில்லை, கேட்க வேண்டியதுதான். 1,150 ரூபாயை மாதம் 100 ரூபாய் வீதம் நான் கட்டுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இனிமேல் கூட்டமைப்பில் மெஷின் என்ற பேச்சே வேண்டாம்" என்றும் அதே பக்கத்தில் தீர்மானம் எழுதினார்கள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

அந்தத் தீர்மானத்தை மாற்றச் சொன்னது பூக்கார அக்காதான். மாவுக்கட்டு பிரித்த மாதமே கூட்டத்தில் எழுந்து, "கை உடைஞ்சது என்னோடது. மெஷின் வேணும்னு நான் சொல்றேன். கெட்ட மெஷின்தான் வேணாம்" என்றார்கள். யாரும் பேசவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று கற்றுக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று முடிவானது. மூன்று பேரை அனுப்பினார்கள். நானும் ஒருத்தி. ஏன் என்னைச் சேர்த்தார்கள் என்று கேட்டேன். "உனக்குத்தான் பயம் இருக்கு, நீதான் ஒழுங்கா பார்ப்ப" என்றார் தலைவி அக்கா.

மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனோம். அவர் முதலில் அந்த எரிந்த மெஷினைப் பிரித்தார். பிறகு பட்டறையில் எட்டு வருஷமாக ஓடும் தன் மெஷினையும் பிரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார். என் வாழ்க்கையில் அப்படியொரு பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கேட்டதில்லை. நல்ல மெஷினில் காயில் முழுக்கத் தாமிரம், கெட்டியாக நெருக்கிச் சுற்றியிருந்தது. நம்முடையதில் அலுமினியக் கம்பிக்குத் தாமிர நிறத்தில் பூச்சு. கத்தியால் சுரண்டியதும் வெள்ளை தெரிந்தது. அவருடையதில் தண்டு இரண்டு பக்கமும் பால் பேரிங்கில் நின்றது. நம்முடையதில் ஒரு பக்கம் வெறும் புஷ். பல்சக்கரம் அதில் எஃகு, இதில் பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்று. "1200 வாட்டுன்னு போட்டிருக்கானே அய்யா?" என்று கேட்டேன். "அட்டையில எழுதறதுக்கு கரண்ட் பில்லா வருது?" என்றார். வீட்டு வேலைக்கு 500, 600 வாட் உண்மையாக இருந்தால் போதும் என்றார். தாமிரமும் இரும்பும் இருந்தால் கனம் இருந்தே தீரும். லேசாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷாக் விஷயத்தை அவர் இரண்டு தடவை சொன்னார். இரும்பு உடம்பு உள்ள மெஷின் என்றால் மூன்று முள் பிளக்கும் எர்த் ஒயரும் கட்டாயம். எர்த் உள்ள பிளக் பாயின்ட்டில்தான் மாட்ட வேண்டும். இரண்டு முள் பிளக்கோடு வரும் நல்ல மெஷினும் உண்டு. ஆனால் அதன் பெயர்த் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும். உள்ளே இரண்டு அடுக்கு காப்பு வைத்துக் கட்டியது என்று அதற்கு அர்த்தம். அந்த அடையாளமும் இல்லாமல், எர்த்தும் இல்லாமல் வந்தால் தொடவே கூடாது. வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கசிவு வந்ததும் அது கரண்டைத் துண்டித்துவிடும். பூக்கார அக்கா வீட்டில் அது இருந்திருந்தால் அடியின் வேகம் குறைந்திருக்கும். நம் உறுப்பினர் வீடுகளில் பாதிக்கு மேல் இன்னும் அது இல்லை. இதை எழுதும்போது எனக்கு ட்ரில்லைவிட அதுதான் கவலையாக இருக்கிறது. வீட்டுக் கடன் போடும்போது இதையும் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.

பிறகு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சத்திரத்தில் இறங்கி, ஆறு கடை ஏறி இறங்கினோம். கிரைண்டர் வாங்கும்போது நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்த்தோம். முதலில் ஓட்டிக் காட்டச் சொன்னோம். சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும், நடுவில் கரகரக்கக் கூடாது. காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தால் கார்பன் இருக்கும் இடத்தில் சின்னதாக நீலப் பொறி தெரியும், அது பரவாயில்லை. வட்டமாக மஞ்சள் நெருப்பு ஓடினால் வேண்டாம். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். ஆட்டம் கூடாது. நீளமான ஒரு பிட்டை மாட்டி மெதுவாக ஓட்டச் சொன்னோம். முனை ஒரே புள்ளியில் நிற்கிறதா, வட்டம் போடுகிறதா என்று பார்க்க. விரலை அழுத்த அழுத்த வேகம் கூட வேண்டும். டைல்ஸில் முதல் பள்ளம் விழுவதற்கு அந்த மெதுவான வேகம் வேண்டும். ஹேமர் போட்டும் நிறுத்தியும் ஓட்ட வசதி வேண்டும். ஒயர் ரப்பர் மாதிரி வளைய வேண்டும். கார்பனை வெளியிலிருந்தே ஸ்குரூ கழற்றி மாற்றுகிற மாதிரி இருந்தால் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி வைத்திருந்தோம். "அண்ணே, இதோட சர்வீஸ் சென்டர் திருச்சியில எங்க இருக்கு? ஆர்மேச்சர் தனியா கிடைக்குமா?" இந்தக் கேள்விக்கு நான்கு கடையில் பதில் இல்லை. ஒரு கடைக்காரர், "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று சிரித்தார். அவரே உள்ளேயிருந்து வேறொரு பெட்டியை எடுத்து வந்தார். 2014 தை மாதம், 2,800 ரூபாய், பில்லோடு, முத்திரை போட்ட வாரண்டி அட்டையோடு வாங்கினோம். இந்த வருஷம்வரை இரண்டு தடவை கார்பன், ஒரு தடவை சுவிட்ச் மாற்றியிருக்கிறோம்.

வாங்கிய மறுநாளே ஒரு கூத்து நடந்தது. பத்து நிமிஷம் அழுத்தியும் சுவரில் ஓட்டை விழவில்லை. "இதுவும் ஏமாத்து மெஷின்தானா" என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பூக்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அது ஏண்டி இடது பக்கமா சுத்துது?" என்றார்கள். ரிவர்ஸில் கிடந்திருக்கிறது.

சுவரைப் பற்றியும் கற்றுக்கொண்டோம். சுண்ணாம்புச் சுவர் பழைய வீடுகளில் ஹேமர் போட்டால் ஓட்டை பெரிதாகி உதிர்ந்துவிடும். ஹேமரை நிறுத்திச் சாதாரணமாக ஓட்ட வேண்டும். புது அபார்ட்மென்ட் செங்கல் சுவருக்கு ஹேமர் வேண்டும். கான்கிரீட் தூண் வந்தால் நம் மெஷின் திணறும், அதற்கு ரோட்டரி ஹேமர் என்று வேறு மெஷின் இருக்கிறது, விட்டுவிடுங்கள். அதை அமுக்கி அமுக்கி மோட்டாரை எரிக்காதீர்கள். கனமான வேலை செய்த பிறகு ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டால் உள்ளேயிருக்கும் விசிறி சூட்டைத் தணிக்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், உள்ளே ஒயர் போகும். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், பின்னலைக் கொண்டையாகப் போடுங்கள், கண்ணாடி வளையலைக் கழற்றுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். துணிக் கையுறை வேண்டாம், சுற்றும் பிட் அதைக் கவ்வி இழுத்துவிடும்.

கட்டிங் மெஷின் வாங்கலாமா என்று 2017-இல் பெரிய விவாதம் நடந்தது. நான்கு அங்குல தட்டு வைத்த ஆங்கிள் கிரைண்டர். நான் வேண்டாம் என்றேன். இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று ஓடும். தட்டில் எழுதியிருக்கும் வேகம் மெஷின் வேகத்துக்குக் குறைவாக இருந்தால் தட்டு வெடிக்கும். வெட்டும் இடம் சரியாகத் தெரியவில்லை என்று மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களையும், அதில் மரம் அறுக்கும் பல் தட்டைப் போடுகிறவர்களையும் பட்டறைகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் கம்பி அறுக்கும் வேலை வருஷத்துக்கு எத்தனை வரும்? ஹாக்சா பிளேடு போதும். இளைய உறுப்பினர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வெல்டிங் பயிற்சி முடித்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.

பேட்டரி ட்ரில் 2021-இல் வாங்கியது. பேட்டரியில் ஓடும் ட்ரில் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் லித்தியம் பேட்டரி வந்த பிறகுதான் சின்னதாக, வலுவாக நம் கைக்கு ஏற்ற மாதிரி கிடைக்கிறது. ஒயர் இல்லாததால் ஷாக் பயம் குறைவு, பூக்கார அக்கா அதைத்தான் எடுப்பார்கள். ஸ்குரூ முறுக்க, மரத்தில், தகரத்தில் ஓட்டை போட அருமை. சுவருக்கு அவ்வளவு ஆகாது. வாங்குகிறவர்கள் பேட்டரியின் விலையைத் தனியாகக் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது மெஷின் விலையில் கிட்டத்தட்டப் பாதி சொன்னார்கள். சில வருஷத்தில் பேட்டரி தளர்ந்துவிடும், அதே மாடல் பேட்டரி அப்போதும் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கட்டுரைக்காக வாடகை நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் முதல் பெயர் பூக்கார அக்காவுடையது. மாலைக் கம்பி மாட்ட எடுத்திருக்கிறார்கள், ஒரு நாள், 20 ரூபாய். அன்றைக்கு அதுதான் வாடகை. கடைசிப் பக்கத்தின்படி பெட்டி இப்போது மேலூர் குழுவிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை திரும்பும். 8 எம்.எம். பிட் முனை போய்விட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குள் புதிது வாங்கிவிடுகிறேன், பில்லோடு.